மூன்று விநாடி அழுத்தினால் போதும்

மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். உட்காரக் கூடாது என்பது கடை விதி. ஒன்பது வருஷத்தில் தணிகாசலம் நின்றுகொண்டே ஓய்வெடுக்கப் பழகியிருந்தான். வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரம், முதுகு ஒரு வாஷிங் மெஷின் மேல் பட்டும் படாமலும். எதிர்ச் சுவர் முழுக்க டிவிகள், அத்தனையிலும் ஒரே பச்சைக்கிளி, ஒரே நேரத்தில் சிறகை விரித்து, ஒரே நேரத்தில் பறந்து, திரும்பவும் கிளையில் வந்து உட்காரும். கிளியைப் பார்த்தால் தூக்கம் வரும் என்பதால் ஃப்ரிட்ஜ் வரிசைப் பக்கம் கண்ணைத் திருப்பினான். நிலா வெளிச்சம் என்று ஒரு ஃப்ரிட்ஜில் வெள்ளி எழுத்தில் ஒட்டியிருந்தது. நிலா வெளிச்சம் என்றால் உள்ளே ஒரு நீல பல்பு, அவ்வளவுதான். பக்கத்து ஃப்ரிட்ஜில் பல்பு வெள்ளை, மற்றதெல்லாம் ஒன்று. ஆனால் நீல பல்புதான் போகும். கதவைத் திறந்து, கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே போய் மேல் விளக்கை அணைத்து, ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிச்சா கண்ணு கூசாதும்மா என்று அவன் சொன்னால், குளிர், கம்ப்ரஸர், கரண்டு எதையும் கேட்காமல் வாங்க வந்த அம்மாள் தலையசைப்பாள். துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடும் மெஷின், கைப்பிடியில் விளக்கு எரியும் மிக்ஸி, மணி எத்தனை என்று கேட்டால் சொல்லும் ஃபேன். ஒன்றுக்கும் உதவாத விஷயம்தான் முதலில் விற்கும் என்பது அவன் தானாகக் கண்டுபிடித்தது. உதவுகிற விஷயம் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வீட்டில் மனைவி கலைமதி கிண்டல் செய்வாள், சாம்பாரைக் கூட உங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டித்தான் வைக்கணும் போல என்பாள். வலது காலுக்கு மாற்றிக்கொண்டான். கண்ணாடிக் கதவு திறந்து வெயில் ஒரு கீற்று உள்ளே விழுந்தது. ஒரு பெண் வந்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். ஷூ கம்பெனியில் தைக்கிறவர்கள் போடும் நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். எதையும் பார்க்கவில்லை. கிளியைக்கூடப் பார்க்கவில்லை. நேரே செல்போன் கவுண்டருக்கு நடந்தாள். வாங்க வந்தவள் இல்லை, ரிப்பேர் என்று அவன் நினைத்தான். செல்போன் கவுண்டர்ப் பெண் சாப்பிடப் போயிருந்ததால் அவன்தான் போக வேண்டியிருந்தது.

"வாங்க மேடம்." அவள் பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு இடத்தில் விபூதி ஒட்டிக் காய்ந்திருந்தது. "இது இங்க வாங்குனதுங்க தம்பி. ஆடித் தள்ளுபடில. நீங்கதான் குடுத்தீங்க, எங்கப்பாவும் நானும் வந்திருந்தோம்." ஆடித் தள்ளுபடியில் ஒரு நாளைக்கு நாற்பது போன் கொடுத்திருப்பான், முகம் எங்கே ஞாபகம் இருக்கும். ஆமாமா என்று தலையாட்டினான், அதுவும் வேலையில் ஒரு பகுதி. "இந்த பின்னாடி சிவப்பு பட்டன் வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லணும். ஏற்கெனவே மூணு கடைல கேட்டுட்டேன். ஒருத்தர் வேலை செய்யும்ங்கிறார், ஒருத்தர் டவர் இல்லன்னா செய்யாதுங்கிறார். வித்தவங்ககிட்டயே கேட்டுரலாம்னு அரைநாள் லீவு போட்டு வந்தேன்." அய்யாவுக்கு என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை, கயிற்றின் விபூதியைப் பார்த்ததும் வாய் தானாகவே மூடிக்கொண்டது. அவளே சொன்னாள். "தவறிட்டார். பாத்ரூம்ல விழுந்துட்டார். பதினாறு முடிஞ்சு மூணு நாள் ஆச்சு." சொல்லிவிட்டு அழவில்லை. கணக்குச் சொல்கிற குரல். அந்தக் குரலில்தான் அவனுக்குக் கிழவர் ஞாபகம் வந்தார். முழுசாக வரவில்லை, முதலில் கட்டைவிரல் வந்தது. டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தட்டையாகிப்போன கட்டைவிரல். ரிடையர் ஆன கண்டக்டர். "எனக்கு எதுக்குப்பா இத்தனை? நான் பேசினா அவளுக்குக் கேக்கணும், அவ பேசினா எனக்குக் கேக்கணும்" என்று கேட்டவர். அவன் விரல் விட்டுச் சொன்னான், டார்ச் இருக்கு, இயர்போன் இல்லாம ரேடியோ கேக்கலாம், நம்பரை அதுவே படிச்சுச் சொல்லும், போன் வந்தா சுத்தி விளக்கு எரியும், பத்தொன்பது விஷயம் இருக்கு அய்யா. "விசில் இருக்கா?" என்றார் கண்டக்டர். மகள் சிரித்தாள். இதே பெண்தான், அன்றைக்குச் சிரித்தவள். விசில் என்ன அய்யா, சைரனே இருக்கு என்று போனைத் திருப்பிச் சிவப்புப் பட்டனைக் காட்டினான். மூன்று விநாடி அழுத்தினால் போதும், நீங்க எங்க விழுந்தாலும் உங்க பொண்ணு ஓடி வந்துரும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். விழுந்தாலும் என்ற சொல்லில் குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டும், ஓடி வந்துரும் என்பதில் ஏற்ற வேண்டும். அப்படித்தான் சொன்னான்.

"நான் கேக்க வந்தது ஒண்ணுதான்" என்றாள். அவள் ஒரு பட்டனை அமுக்கிக் காட்டிய திரையில் பேர் சுகந்தி என்று இருந்தது, அழைக்கும் பட்டியலில் முதல் பேர். "கம்பெனில போனை லாக்கர்ல வச்சிரணும். டீ டைமுக்குத்தான் எடுக்க முடியும். அன்னைக்கு எடுத்துப் பாத்தேன், அப்பா கால் ஒண்ணும் இல்ல. அப்பாவோட இந்த போன்லயும் பாத்தேன், போன கால் எதுவும் இல்ல. அப்படின்னா அவர் பட்டனை அழுத்தவே இல்லன்னுதானே அர்த்தம்? விழுந்ததும் நெனவு போயிருக்கும்தானே? இல்ல, அழுத்தி, லாக்கருக்குள்ள டவர் கிடைக்காம எனக்கு வராம போயிருக்குமா? ராவெல்லாம் இதே நெனப்பு. கம்பெனில போய் அந்த லாக்கரைத் திறக்கவே கை வரல." பாத்துச் சொல்றேன் மேடம் என்று போனைக் கையில் எடுத்தான். சின்னப் போன், லேசான போன், எத்தனையோ முறை எடுத்ததுதான். திருப்பிப் பிடித்து, கிழவருடைய கட்டைவிரல் பட்ட இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. சைரன் அலறியது. கடை முழுக்க எல்லாரும் திரும்பினார்கள், மாடிப்படியில் ஃப்ளோர் மேனேஜர் குணாளன் எட்டிப் பார்த்தார், அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அதனால்தான் அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. சட்டைப் பையில், இடது மார்பின் மேல், அவனுடைய சொந்த போன் அதிர்ந்தது.

முதலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தான். கலைமதியாக இருக்கும், குழந்தையை ஸ்கூலில் இருந்து கூட்டிவர நேரமாச்சு என்று சொல்ல. சைரனை நிறுத்தினான். பையில் அதிர்வும் நின்றது. இரண்டும் ஒரே கணத்தில் நின்றன. யார்னு தெரியுதா, யாருக்குப் போச்சு என்று அவள் கேட்டாள், என் போன் அடிக்கலயே என்றாள். செட்டிங் பாக்கறேன் மேடம், ஒரு நிமிஷம், என்று போனை அவள் பார்க்க முடியாத சாய்வில் பிடித்து ஒவ்வொன்றாகத் திறந்தான். ஆபத்து எண்கள். ஐந்து இடம். இரண்டு காலி, மூன்று காலி, நான்கு காலி, ஐந்து காலி. முதல் இடத்தில் பத்து இலக்கம், அவனுக்குத் தூக்கத்திலும் தெரிந்த பத்து இலக்கம். அது அவனுடைய வித்தை. வாங்க வந்தவர் எதிரில் தன் நம்பரைப் போட்டு, அவரையே பட்டனை அழுத்தச் சொல்லி, தன் பையிலிருந்து போனை எடுத்து, பாருங்க அய்யா வந்துருச்சு என்று காட்டுவான். பெரியவர்கள் குழந்தை மாதிரிச் சிரிப்பார்கள். அப்புறம் தன் நம்பரை அழித்துவிட்டு அவர்கள் சொல்லும் நம்பரைப் போடுவான். எப்போதும் போடுவான். அன்றைக்கு மகள் பில் போடப் போனாள், வந்ததும் நம்பர் கேட்கலாம் என்று இருந்தான், தணிகா ஃப்ரிட்ஜுக்கு வாப்பா என்று குணாளன் கத்தினார், போனைப் பெட்டியில் வைத்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். அடித்துக் காட்டிவிட்டோம், அது போதும் அவர்களுக்கு, நம்பர் போட்டாச்சு என்றுதான் நினைத்திருப்பார்கள். பட்டனில் போகும் கால் இந்த மாடலில் பட்டியலில் பதியாது. அதுவும் அவனுக்குத் தெரியும். அட்டைப்பெட்டியில் பத்தொன்பது விஷயம் எழுதியிருந்தது, இதை எழுதவில்லை.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கணும் மேடம், ரெண்டு நிமிஷம், என்று சொல்லிவிட்டு டிவிச் சுவருக்குப் பின்னால் போனான். அங்கே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. காலி அட்டைப்பெட்டிகளும் வெள்ளைத் தெர்மோகோலும்தான். எந்தக் கிழமை? பதினாறு, அதற்கு மேல் மூன்று. செவ்வாய்க்கிழமை. தன் போனில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு விரலால் தள்ளித் தள்ளிப் போனான். வேண்டாம், இருக்காது, ஒருவேளை கிழவர் நிஜமாகவே அழுத்தாமல் இருந்திருந்தால்? இருந்தது. இப்போது வந்த அதே நம்பர், பேர் இல்லாமல். பத்து பதினான்கு. பத்து பதினைந்து, இரண்டு முறை. பத்து இருபத்தொன்று. அப்புறம் நீண்ட இடைவெளி. பத்து முப்பத்தெட்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவன் எங்கே நின்றான் என்பது காட்பாடியிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டாரின் முகத்தோடு ஞாபகம் வந்தது. பெண்ணின் அம்மா, அப்பா, மாமா, அத்தை, எல்லாரும் ஃப்ரிட்ஜைச் சுற்றி நின்றார்கள். கதவைத் திறந்து போட்டால் ஒரு நிமிஷத்தில் அதுவே கூப்பிடும் என்று அவன் சொல்லியிருந்தான். கொஞ்சம் யாரும் பேசாம இருங்க, கேளுங்க. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வயசுக் குழந்தைகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றது. பையில் போன் அதிர்ந்தது. உள்ளே கை விடாமலே சட்டைக்கு மேலிருந்து பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினான். மறுபடி அதிர்ந்தது. மறுபடி அமுக்கினான். ஃப்ரிட்ஜ் ங்கொய்ங் என்று மெல்லக் கூவியது. ஐயே, கூப்பிடுதே என்று அத்தைக்காரி கை தட்டினாள். இரண்டு கதவு மாடல், அங்கேயே முடிந்தது. இங்கேதான் அவன் மனசு நின்றது. ஏனென்றால் ஐந்து கால் இருக்கிறது, நாலுக்குத்தான் சிவப்பு அம்புக்குறி. ஐந்தாவதில் பச்சை. பத்து முப்பத்தெட்டு, பதினொரு விநாடி. எடுத்திருக்கிறான். எடுத்தானா? எப்போது எடுத்தான்? பதினொரு விநாடி என்றால் எவ்வளவு நேரம்? தெர்மோகோல் மேல் கை வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினான். பதினொன்று ரொம்ப நீளம். அவ்வளவு நேரத்தில் ஒரு மனிதன் எத்தனையோ சொல்லலாம். பில் கவுண்டருக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, ஆமாம், கையில் வாரண்டி அட்டை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். யாரு என்றான். பதில் இல்லை. தண்ணீர் விழுகிற சத்தம். அதற்குள்ளே இழுத்து இழுத்து ஏதோ ஒன்று, மூச்சா, பேச்சா. லைன் சரியில்லை என்று நினைத்தான். என்ன சொன்னான் என்பதும் அப்படியே வந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்கிற வாக்கியம், சொல்கிறோம் என்றுகூடத் தெரியாமல் சொல்கிற வாக்கியம். சைரன் அடிக்கிற போனில், கால் போன இடத்தில் எடுத்ததும் சைரன் நின்று ஸ்பீக்கர் தானாகத் திறக்கும். அது பன்னிரண்டாவது விஷயமோ பதின்மூன்றாவதோ. பாத்ரூம் சுவர்களுக்கு நடுவே அவன் குரல் நன்றாகப் பெரிதாகக் கேட்டிருக்கும்.

அழித்துவிடலாம். இரண்டு பட்டன். போனில் அந்தப் பத்து இலக்கத்தை அழித்து, அங்கே சுகந்தியின் நம்பரைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருந்தது என்று ஆகிவிடும். வேலை செய்யுது மேடம், நம்பரும் சரியா இருக்கு, அய்யா அழுத்தல, வலியே தெரிஞ்சிருக்காது. இதைக் கேட்கத்தானே அவள் வந்திருக்கிறாள். அவளே சொல்லிவிட்டாளே, அழுத்தலன்னுதானே அர்த்தம் என்று. அவன் தலையை ஆட்டினால் போதும், வாய் திறக்கக்கூட வேண்டாம். அவளுக்கும் நல்லது. அவளுக்கும் என்ற அந்த 'உம்' அவனை உறுத்தியது. யாருக்கு நல்லது? குணாளன் தெரிந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுவார். அவள் வீட்டு ஆண்கள் வந்து அடிப்பார்கள். அடித்தால் தேவலை. போலீஸுக்குப் போவார்களா? ஒரு நம்பரை மாற்றாததற்குச் சட்டத்தில் என்ன பேர்? கலைமதியிடம் என்ன சொல்வது, ராத்திரி அவள் சாதம் போடும்போது என்ன முகத்தோடு உட்காருவது. விரல் அழிக்கும் பட்டன் மேல் இருந்தது. அப்புறம் வேறொன்று தோன்றியது, அது தோன்றாமல் இருந்திருக்கலாம். அழுத்தி, லாக்கருக்குள் டவர் கிடைக்காமல் எனக்கு வராமல் போயிருக்குமா என்று அவள் கேட்டாளே. நம்பர் சரியாகத்தான் இருந்தது என்று இவன் சொன்னால் அவள் அதை நம்பி வீட்டுக்குப் போவாள், ஒரு ராத்திரி தூங்குவாள், மறுநாள் லாக்கரைத் திறப்பாள். நம்பர் சரியா இருந்துது, ஒருவேளை அவர் அழுத்தி, எனக்குத்தான் வரலையோ. ஐந்தாவது கடைக்குப் போவாள். ஆறாவது கடைக்கு. அவன் சொல்லப்போகிற பொய் அவளைத்தான் குற்றவாளியாக்கும், அதுவும் சாகிற வரைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் கிளி பறக்கிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தணிகா எங்கப்பா என்று குணாளன் குரல். போய்ச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துவிட்டுக் கிளம்பவில்லை அவன், கால் நடந்தது, நடக்கும்போதுகூட இரண்டு வாக்கியங்களும் வாயில் தயாராக இருந்தன, எது வெளியே வரும் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் அதே இடத்தில் நின்றாள். ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை. "தெரிஞ்சுதா தம்பி?" போனைக் கண்ணாடி மேல் வைத்தான், பக்கத்தில் தன் போனையும் வைத்தான். "அக்கா" என்றான். மேடம் என்று வாயில் வரவில்லை. "அய்யா அழுத்தினாருக்கா. அஞ்சு தடவை." அவள் அப்பாவின் போனைப் பார்த்தாள், பிறகு அவனை. "உங்களுக்கு வரல. வரமுடியாது. உங்க நம்பரை நான் போடவே இல்ல. கடைல அடிச்சுக் காட்டறதுக்கு என் நம்பரைப் போட்டேன், மாத்த மறந்துட்டேன். லாக்கர் மேல தப்பில்ல, டவர் மேலயும் தப்பில்ல. எல்லாம் எனக்குத்தான் வந்துது." தன் போனை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் குனிந்து பார்த்தாள், விரலை நேரங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள், படிக்கத் தெரியாத பிள்ளை எழுத்தைத் தொடுகிற மாதிரி. பத்து பதினான்கில் வைத்தாள். பத்து முப்பத்தெட்டில் வைத்தாள். "இருபத்தி நாலு நிமிஷம்" என்றாள். "நெனவோட இருந்திருக்கார்." அவன் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான், கத்துவாள், கடை முழுக்கத் திரும்பும், குணாளன் ஓடி வருவார் என்று எதிர்பார்த்தான். உண்மையில் அதற்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. அவள் பச்சை அம்புக்குறியைக் காட்டினாள்.

"இது மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

"அது... எடுத்தேன்க்கா."

"பேசினாரா?"

"இல்ல. தண்ணி விழற சத்தம் கேட்டுது. மூச்சு மாதிரி. எனக்கு யாருன்னு தெரியல, சத்தியமா தெரியல. நான்தான் பேசினேன்."

"என்ன பேசுனீங்க?"

சொல்லாமல் விட முடியுமா என்று பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. திட்டப்போகிற கண் இல்லை அது. அப்பாவிடம் கடைசியாக யாரோ பேசியிருக்கிறார்கள், அந்தப் பேச்சு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்த வாக்கியத்தை முதல் தடவையாகத் தெரிந்து சொன்னான். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்கன்னு சொன்னேன்."

மாடிப்படி அருகே ஒரு குடும்பம் இறங்கி வந்து, இந்த மெஷின் விலை என்ன என்று யாரையோ கேட்டது. தணிகா, இங்க வாப்பா என்றார் குணாளன். அவன் நகரவில்லை. சுகந்தி அப்பாவின் போனை எடுத்துக் கயிற்றை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"அதுக்கப்புறம் கூப்பிட்டாரா?"

"இல்லக்கா."

அவள் தலையசைத்தாள். ஸ்டூலை இழுத்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"கூப்பிட மாட்டார்" என்றாள். "வேலையா இருக்கேன்னு சொல்லிட்டா அப்புறம் தொந்தரவு பண்ணவே மாட்டார். என்கிட்டயும் அப்படித்தான்."